வரைபும் வாசகரும்: ஊடாடும் வரைபுகளை இணையப் பக்கமாகச் சேமித்தலின் வரலாற்றுப் பின்னணி

1

புள்ளிவிபர வரைபு தரவின் நேர்ப் பிரதிபலிப்பு என்னும் கருத்து நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. எண்களை ஒழுங்காகக் கொடுத்தால் கோடு தானாகவே தோன்றும், கருவி எதுவாயினும் பொருள் மாறாது என்பது இக்கருத்தின் சாரம். இதனை ஏற்றுக்கொண்டோர் வரைபின் வரலாற்றைத் தொழில்நுட்ப முன்னேற்றத்தின் வரலாறாக மாத்திரமே எழுதுவர். செப்புத் தகடு போய் அச்சு வந்தது, அச்சுப் போய்த் திரை வந்தது, திரையிற் கோடு அசையத் தொடங்கியது என்றவாறு அவ்வரலாறு அமையும்.

இத்தகைய நோக்கு போதாது என்பதே நமது நிலைப்பாடு. இலக்கிய வடிவங்களை ஆராயும்போது எழுதுவோன் யார், வாசிப்போன் யார், இருவருக்குமிடையே நிற்கும் உற்பத்திச் சாதனம் யாருடையது என்னும் வினாக்களை நாம் எழுப்புகிறோம். வரைபும் சமூகத்தில் தோன்றி வளர்ந்த ஒரு வெளிப்பாட்டு வடிவமே. ஆதலால் இவ்வினாக்கள் அதற்கும் பொருந்தும். ஆர், பைதன் முதலிய மொழிகளிற் செய்நிரல் எழுதி, ஊடாடும் வரைபொன்றை ஆக்கி, அதனை எச்.ரி.எம்.எல். பக்கமாகச் சேமிக்கும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களிலே சாதாரணமாகிவிட்டது. ஒரு வரியிற் செய்து முடிக்கப்படும் இச்செயலின் பின்னே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு முரண்பாட்டின் வரலாறு உண்டு. அம்முரண்பாட்டை இனங்காண்பதும், அது நமது நாட்டுத் தரவுகளைப் பொறுத்தவரை எத்தகைய பொறுப்புகளை ஏற்படுத்துகிறது என்பதை நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2

நவீன புள்ளிவிபர வரைபின் தொடக்கத்தை 1786ஆம் ஆண்டிற் காண்பது மரபு. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேபெயர் அவ்வாண்டிலே இலண்டனில் வெளியிட்ட வர்த்தக, அரசியல் வரைபடத் தொகுதியிற் காலத்தைக் கிடையச்சிலும் பணத்தை நிலையச்சிலும் கொண்ட கோட்டு வரைபுகள் இடம்பெற்றன. சலாகை வரைபும் இந்நூலிலேயே தோன்றியது. 1801இல் அவர் வெளியிட்ட மற்றொரு நூலிலே வட்ட வரைபு தோன்றியது. இளமையில் அவர் பேர்மிங்ஹாமில் ஜேம்ஸ் வாட்டின் கீழ் வரைவாளராகப் பணியாற்றியவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. நீராவி இயந்திரத்தின் பட்டறையிற் பயின்ற கையே வர்த்தகத்தின் ஏற்ற இறக்கத்தையும் கோடாக வரைந்தது.

பிளேபெயரின் வரைபுகளிலே ஏற்றுமதிக்கு ஒரு கோடும் இறக்குமதிக்கு ஒரு கோடும் உண்டு. இரண்டுக்குமிடைப்பட்ட பரப்பு நாட்டின் இலாபமாகவோ நட்டமாகவோ நிறந்தீட்டப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளுடனும் கிழக்கிந்தியாவுடனும் இங்கிலாந்து நடத்திய வர்த்தகமும் இவ்வாறே காட்டப்பட்டது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பும், வங்காளத்திலே கம்பனி நடத்திய வரிச் சுரண்டலும் அக்கோடுகளின் உயரத்துக்குக் காரணமாயிருந்தன. ஆயின் அவை கோட்டிலே தெரியவில்லை. வரைபிலே தெரிந்தது சமநிலை மாத்திரமே. இதனைப் பிளேபெயரின் தனிப்பட்ட குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அரசாங்க வருவாய்ப் பதிவேடுகள் எதனை எண்ணினவோ அதனையே அவர் வரைய முடிந்தது. எண்ணப்படாதது வரையப்படுவதில்லை, வரையப்படாதது நிகழாதது போலாகிவிடும். வரைபின் கருத்துநிலை தொழிற்படும் முதலாவது தளம் இதுவேயாகும்.

இரண்டாவது தளம் வாசகர் தொடர்பானது. செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிடப்பட்ட வரைபு முடிந்த முடிபு. வாசகர் அதனைப் பார்க்கலாம், ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அதனிடம் வேறொரு கேள்வியைக் கேட்க இயலாது. ஏழாண்டுகளை மாத்திரம் தனியே நோக்க விரும்பினால், அல்லது ஒரு புள்ளியின் சரியான பெறுமானத்தை அறிய விரும்பினால், அவர் மூலப் பதிவேட்டைத் தேடிச் செல்லவேண்டும். அப்பதிவேடு அவருக்குக் கிடைப்பதில்லை. வரைபை ஆக்கியோனுக்கும் அதனை நுகர்வோனுக்குமிடையே ஒரு மதில் இவ்வாறு எழுந்தது.

3

இம்மதிலை உடைக்க முயன்றோரும் இருந்தனர். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியிலே, டபிள்யூ. ஈ. பி. டு பொய்ஸ் அட்லாண்டா பல்கலைக்கழகத்திலே தம்முடன் பணிபுரிந்த மாணவரின் துணையோடு, ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களின் நிலை பற்றிய ஏறத்தாழ அறுபது வரைபுகளைக் கையால் வரைந்து காட்சிக்கு வைத்தார். நிலவுடைமை, எழுத்தறிவு, தொழில், வரிசெலுத்திய சொத்து ஆகியன அவற்றின் பொருள்கள். பிறரால் எண்ணப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் தன்னைத் தானே எண்ணி வரைந்து உலகின் முன் வைத்தது என்பதில் அக்காட்சியின் முக்கியத்துவம் தங்கியுள்ளது.

வியன்னாவில் நிகழ்ந்தது இதனினும் அமைப்புரீதியானது. சமூக ஜனநாயகக் கட்சி அந்நகரை ஆண்ட காலத்தில், 1925இல், ஒட்டோ நியூறாத் அங்கு சமூக, பொருளாதார நூதனசாலையை நிறுவினார். தொழிலாளருக்குத் தம் நகரின் வீடமைப்பையும் குழந்தை இறப்பையும் ஊதியத்தையும் விளக்குவது அதன் பணி. பெருந்தொகையைப் பெரிய உருவத்தாற் காட்டாது, ஒரே அளவான உருவங்களைப் பலமுறை அடுக்கிக் காட்டவேண்டும் என்பது அவரது அடிப்படை விதி. எழுத்தறிவு குறைந்தவரும் உருவங்களை எண்ணிப் பார்த்துச் சரிபிழை கூறலாம். கேர்ட் ஆண்ட்ஸ் என்னும் இடதுசாரி ஓவியர் உருவங்களை வெட்டினார். மரீ றைடமைஸ்ரர் மாற்றியமைப்போர் என்னும் பணியை ஆற்றினார். நிபுணர் தந்த எண்களிலிருந்து மக்களுக்கு எது தேவை, எதனை எவ்வாறு அடுக்கவேண்டும் என்று தீர்மானிப்பதே அப்பணி. 1931இல் மொஸ்கோவில் இஸோஸ்ரற் நிறுவனம் இம்முறையைக் கைக்கொண்டு தொடங்கப்பட்டது. 1934இல் ஒஸ்திரியாவிலே தொழிலாளர் இயக்கம் ஒடுக்கப்பட்டபோது வியன்னா நூதனசாலையும் மூடப்பட்டது. நியூறாத் நாடு துறந்தார்.

நியூறாத்தின் சாதனையைப் போற்றும் அதேவேளை அதன் வரம்பையும் நாம் குறிப்பிடல் வேண்டும். மாற்றியமைப்போர் மக்களுக்காகத் தெரிவுசெய்தனர். மக்கள் தாமே தெரிவுசெய்வதற்கான கருவி அப்போது இருக்கவில்லை. நோக்கம் ஜனநாயகமானதாக இருந்தபோதும் வடிவம் ஒருவழிப்பட்டதாகவே இருந்தது.

4

அசையும் வரைபு, அதாவது பார்ப்போனின் கட்டளைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் வரைபு, முதலில் மக்களுக்காகத் தோன்றவில்லை. 1970களின் தொடக்கத்திலே கலிபோர்ணியாவின் ஸ்ரான்போட் நேர்கோட்டு வேகவளர்ச்சி நிலையத்திலே ஜோன் ரூக்கி, ஜெரோம் பிரீட்மன் முதலியோர் பிறிம்-9 என்னும் தொகுதியை அமைத்தனர். ஒன்பது பரிமாணங்கள் வரையிலான தரவைத் திரையிற் சுழற்றியும் வெட்டியும் தனிமைப்படுத்தியும் நோக்க அது இடமளித்தது. துகள் பௌதிகவியலின் பரிசோதனைத் தரவுகளே அதன் களம். அதனை இயக்கப் பெருங்கணனி ஒன்று வேண்டியிருந்தமையால், அதனைக் காண விரும்பிய பிறருக்குத் திரைப்படமாகவே காட்டினர். ஊடாட்டம் என்னும் பண்பு ஆய்வாளனுக்கு. அசையாப் படம் பொதுமக்களுக்கு. இப்பிரிவினை அக்காலத்து மூலதனச் செலவின் நேர் விளைவாகும்.

1977இல் ரூக்கி வெளியிட்ட ஆய்நோக்குத் தரவுப் பகுப்பாய்வு பற்றிய நூல், வரைபின் பணி முன்பே தெரிந்ததை நிறுவுவது மாத்திரமன்று, எதிர்பாராததைக் காணச் செய்வதும் ஆகும் என்னும் கருத்தை நிலைநாட்டியது. 1987இல் ரிச்சட் பெக்கரும் வில்லியம் கிளீவ்லண்டும் ஒரு வரைபிலே தெரிவுசெய்யப்படும் புள்ளிகள் ஏனைய வரைபுகளிலும் ஒளிரும் முறையை விளக்கினர். இவை யாவும் பெல் ஆய்வுகூடங்களையும் பெரும் பல்கலைக்கழகங்களையும் சார்ந்து நிகழ்ந்தவை.

பெல் ஆய்வுகூடங்களிலே 1976 முதல் ஜோன் சேம்பர்ஸ் முதலியோரால் உருவாக்கப்பட்ட எஸ் மொழியின் கதை நமது நோக்கிலே முக்கியமானது. அம்மொழி 1988இல் எஸ்-பிளஸ் என்னும் பெயரில் விற்பனைப் பண்டமாயிற்று. இதற்கு எதிர்நிலையான உருவாக்கம் உலகின் மற்றொரு மூலையிலே நிகழ்ந்தது. நியூசிலாந்தின் ஓக்லண்ட் பல்கலைக்கழகத்திலே றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்ரில்மன் ஆகிய இருவரும் தம் மாணவரின் கணனிக்கூடத்துக்குப் பொருத்தமான ஒரு மென்பொருளைத் தேடினர். 1993இல் அவர்கள் அறிமுகஞ்செய்த ஆர் மொழி 1995இல் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது; 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 29இல் அதன் முதலாவது முழுப் பதிப்பு வெளிவந்தது. அவ்வுரிமத்தின் சாராம்சம் யாதெனில், கருவியை எவரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். மாற்றியதைப் பிறருக்கு வழங்கும்போது அதே சுதந்திரத்தையும் சேர்த்தே வழங்கவேண்டும். உற்பத்திச் சாதனத்தைப் பொதுவுடைமையாக வைத்திருப்பதற்குச் சட்டத்தையே கருவியாகக் கொண்ட ஒரு முயற்சி இது.

5

ஆர் மொழி ஆய்வாளனின் கைக்குக் கருவியைத் தந்தது. எனினும் வாசகரின் கைக்கு வந்தது இன்னும் அசையாப் படமே. ஊடாடும் வரைபு வாசகரை அடைவதற்கு ஒரு பொது மேடை தேவைப்பட்டது. 1993 ஏப்ரல் 30இல் சேர்ன் நிலையம் வலையின் அடிப்படை மென்பொருளைப் பொதுவுடைமையாக அறிவித்தபோது அம்மேடைக்கான நிலம் கிடைத்தது. 1995இல் ஜாவாஸ்கிரிப்ற் மொழி தோன்றி உலாவிக்குள்ளேயே செய்நிரல் இயங்க வழி பிறந்தது. 2001இல் எஸ்.வி.ஜி. என்னும் கோட்டுருவ வடிவம் பொது நியமமாயிற்று.

ஆயினும் நியமம் இருந்தும் நடைமுறையில் வேறொன்றே கோலோச்சியது. 2006இல் ஹான்ஸ் றோஸ்லிங் உலக நாடுகளின் ஆயுளையும் வருமானத்தையும் அசையும் குமிழிகளாகக் காட்டியபோது பலர் வியந்தனர். 2007இல் அம்மென்பொருளைக் கூகிள் நிறுவனம் வாங்கியது. அத்தகைய வரைபுகள் அந்நாளில் பிளாஷ் என்னும் தனியார் இயக்கியைச் சார்ந்திருந்தன. 2020 டிசம்பர் 31இல் அடோபி நிறுவனம் பிளாஷுக்கான ஆதரவை முடித்துக்கொண்டதும், உலகெங்கும் பத்திரிகைகளும் நூதனசாலைகளும் ஆசிரியர்களும் அதன்மீது ஆக்கிய எண்ணற்ற வரைபுகள் சாதாரண உலாவிகளிலே திறவாதொழிந்தன. ஓலைச்சுவடியைச் செல்லரித்தது போன்ற இயற்கை அழிவன்று இது. ஒரு கம்பனியின் வர்த்தகத் தீர்மானத்தினால் ஒரு தலைமுறையின் உழைப்பு வாசிக்கவொண்ணாததாயிற்று.

2011இல் மைக்கல் பொஸ்ரொக், வடிம் ஒகியெவெட்ஸ்கி, ஜெப்ரி ஹியர் ஆகியோர் டி3 என்னும் ஜாவாஸ்கிரிப்ற் நூலகத்தை வெளியிட்டனர். உலாவியின் பொது நியமங்களையே அடிப்படையாகக் கொண்டமையால் அதற்குத் தனியார் இயக்கி வேண்டியதில்லை. மொன்றியால் நகரிலுள்ள பிளொட்லி நிறுவனம் வேறொரு பாதையிலே தொடங்கியது. அதன் ஆரம்ப அமைப்பிலே செய்நிரல் எழுதுவோன் ஆர் மொழியிலோ பைதனிலோ கட்டளையிடுவான். தரவு நிறுவனத்தின் சேவையகத்துக்குச் செல்லும். வரைபு அங்கிருந்து திரும்பிவரும். வரைபும் தரவும் மற்றொருவரின் வளவிலே குடியிருந்தன எனலாம். 2015 நவம்பரில் அந்நிறுவனம் தன் வரைநூலகத்தைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. 2019இல் வெளிவந்த பைதன் தொகுதியின் நான்காம் பதிப்பு, சேவையகத்தோடு தொடர்பின்றி இயங்குவதையே இயல்பாக்கியது. இம்மாற்றத்தை ஒரு நிறுவனத்தின் நன்மனத்தின் விளைவாகக் காண்பது மேலோட்டமானது. திறந்த நூலகங்கள் பல சந்தையிலும் கல்விக்கூடங்களிலும் நிலைபெற்ற பின்னர், மூடிய கருவிக்கு ஆய்வாளரைக் கட்டிவைத்தல் எளிதாயிருக்கவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

2014ஆம் ஆண்டின் இறுதியிலே ராம்நாத் வைத்தியநாதன், கென்ரன் றசல் ஆகியோரும் ஆர்ஸ்ருடியோ நிறுவனத்தினரும் இணைந்து எச்.ரி.எம்.எல்.விட்ஜெட்ஸ் என்னும் பொதியை வெளியிட்டனர். எந்த ஜாவாஸ்கிரிப்ற் நூலகத்தையும் ஆர் மொழியோடு பிணைப்பதற்கான ஒரு பொதுச் சட்டகம் அது. வரைபைப் பக்கமாகச் சேமிக்கும் கட்டளையும் அதனோடே வந்தது.

6

அக்கட்டளை என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம். ஏனெனில் சமூக உறவு இங்கு தொழில்நுட்ப விபரங்களுக்குள்ளேயே பொதிந்துள்ளது.

ஆர் மொழியிலே ஊடாடும் வரைபொன்றை ஆக்கும்போது கணனியின் நினைவகத்திலே படம் எதுவும் உருவாவதில்லை. தரவு, அச்சுகள், நிறங்கள், தலைப்பு ஆகியவற்றின் விபரப் பட்டியல் ஒன்றே உருவாகிறது. சேவ்விட்ஜெட் என்னும் கட்டளை அப்பட்டியலை ஜேசன் என்னும் உரைவடிவுக்கு மாற்றி, எச்.ரி.எம்.எல். பக்கமொன்றின் உள்ளே வைத்து, வரைவதற்கான ஜாவாஸ்கிரிப்ற் நூலகத்தையும் அதனோடு இணைக்கிறது. வாசகர் அக்கோப்பைத் திறக்கும் கணத்திலேதான், அவருடைய கணனியிலேதான், அவருடைய உலாவியினால்தான் வரைபு வரையப்படுகிறது. பிளேபெயரின் செப்புத் தகட்டோடு ஒப்பிடுகையில் இது தலைகீழான நிலைமை. அச்சகம் வாசகரின் மேசைக்கு இடம்பெயர்ந்துள்ளது.

நூலகத்தை இணைப்பதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, எல்லாவற்றையும் ஒரே கோப்பினுள் அடக்குதல். ஆர் கட்டளையிலே தன்னிறைவு என்னும் பொருள்படும் தெரிவு இதனைக் குறிக்கிறது. சொல்லாதவிடத்தும் இதுவே இயல்பு. இவ்வேலையை உள்ளே செய்வது பான்டொக் என்னும் மென்பொருள். அது கணனியில் இல்லையேல் தன்னிறைவான கோப்பை ஆக்க இயலாது. கலிபோர்ணியாவிலே மெய்யியல் கற்பிக்கும் பேராசிரியரான ஜோன் மக்பார்லன் 2006 முதல் வளர்த்துவரும் பொதுவுடைமைக் கருவி அது. இரண்டாவது வழி, நூலகத்தைப் பக்கத்தின் அருகே ஒரு கோப்புறையிலே வைத்தல். கோப்பு சிறிதாகும், ஆனால் கோப்புறையை விட்டுப் பக்கத்தை மாத்திரம் ஒருவருக்கு அனுப்பினால் அவர் காண்பது வெறுந்திரை. மூன்றாவது வழி, நூலகத்தை இணையத்திலுள்ள தொலைச் சேவையகமொன்றிலிருந்து திறக்குந்தோறும் பெறுதல். பைதன் மொழியிலே பிளொட்லியின் கட்டளை நூலகத்தை உள்ளடக்குவதையே இயல்பாகக் கொண்டது; அல்ரெயர் என்னும் மற்றொரு பொதி இணையத்திலிருந்து பெறுவதையே இயல்பாகக் கொண்டது, வேண்டுமெனக் கேட்டாற்றான் உள்ளடக்கும்.

தன்னிறைவான கோப்பின் விலை அதன் பருமன். பிளொட்லியின் முழு நூலகமும் 3 மெகாபைற்றுக்கும் அதிகம். பத்துப் புள்ளிகளையுடைய வரைபாயினும் அச்சுமையைச் சுமந்தே ஆகவேண்டும். படங்களும் எழுத்துருக்களும் உரைவடிவிற் குறியாக்கப்பட்டு உட்செலுத்தப்படுமிடத்து அவற்றின் பருமன் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடும். தொலைச் சேவையகத்தை நம்பும் கோப்பு இலேசானது. ஆனால் அது என்றும் கடன்பட்ட கோப்பு. இணையம் இல்லாத வேளையிலும், அச்சேவையகம் முகவரி மாறிய பின்னரும் அது ஊமையாகும். 2022 மார்ச் இறுதியிலே நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. மடிக்கணனியின் மின்கலத்தை மாத்திரம் நம்பி, இணையமின்றி, வரைபொன்றைத் திறக்கவேண்டியிருந்தவருக்கு இத்தெரிவின் பொருள் விளக்கமின்றியே விளங்கியிருக்கும். பருமன் என்னும் விலையைக் கொடுத்துச் சார்பின்மையைப் பெறுதல் நம்மைப் போன்ற நாடுகளிலே பெரும்பாலும் நியாயமான பரிமாற்றமேயாகும்.

இதே அமைப்பின் மறுபக்கமும் உண்டு. வரைபோடு தரவும் செல்கிறது. அசையாப் படத்திலே வாசகர் கண்டது வரையப்பட்டதை மாத்திரமே. சேமித்த பக்கத்திலோ அதன் மூலத்தைத் திறப்போர்க்குத் தரவும் கிட்டும். அல்ரெயர் போன்ற பொதிகள் இயல்பாகவே அட்டவணை முழுவதையும், வரைபிலே பயன்படாத நிரல்கள் உட்பட, கோப்பினுள் வைத்துவிடுகின்றன. மீள்குடியேறிய குடும்பங்களின் வருமானத்தை வரையும் மாணவர், பெயர்களும் முகவரிகளுமுள்ள நிரல்களை முன்கூட்டியே நீக்காவிடின், திரையிலே தெரியாத அவ்விபரங்கள் கோப்போடு ஊர் முழுதும் பரவும். நியூறாத்தின் மாற்றியமைப்போர் ஆற்றிய தெரிவுப் பணி இங்கு மீண்டும் தேவையாகிறது. இம்முறை அது மக்களின் பாதுகாப்புக்கான பணியாகும்.

தரவு உள்ளேயிருப்பது மாத்திரம் வாசகருக்கு அதிகாரம் தந்துவிடாது என்பதும் குறிப்பிடத்தக்கது. பக்க மூலத்திலிருந்து எண்களைப் பிரித்தெடுக்கும் திறன் சிலருக்கே உண்டு. பிளொட்லியின் அண்மைய பைதன் பதிப்பிலே எண்வரிசைகள் மனிதர் வாசிக்கவியலாத குறியாக்கத்திலும் செல்கின்றன. மேலும், சுட்டியை நகர்த்தினாற் பெறுமானம் தோன்றுவதும் பகுதியொன்றைப் பெரிதாக்குவதும் உண்மையான சுதந்திரத்தின் தோற்றத்தைத் தரக்கூடும். ஆனால் வாசகர் கேட்கக்கூடிய கேள்விகளை ஆக்கியோனே முன்கூட்டி வரையறுத்துள்ளார். தரவுக் கோப்பையும் செய்நிரலையும் பக்கத்தோடு சேர்த்து வழங்கும்போதே அவ்வரையறையை வாசகர் மீறமுடியும்.

7

இதுவரை கூறியதனை நமது நாட்டின் ஓர் உதாரணத்தினால் சோதித்துப் பார்ப்போம். யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகையை ஊடாடும் கோட்டு வரைபாக ஆக்குவதாகக் கொள்வோம். இன்றைய எல்லைகளின்படி, அதாவது 1984இல் தனி மாவட்டமான கிளிநொச்சியை நீக்கி, 1981ஆம் ஆண்டுத் தொகைமதிப்பிலே அது 7 இலட்சத்து 38 ஆயிரத்துக்கு மேல். 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பிலே 5 இலட்சத்து 83 ஆயிரத்துக்கு மேல். 1991இல் தொகைமதிப்பு நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்ற தொகைமதிப்பு 18 மாவட்டங்களில் மாத்திரமே நிறைவுற்றது. யாழ்ப்பாணம் அவற்றுள் அடங்கவில்லை.

மாணவர் தம் அட்டவணையிலே கிடைத்த இரு நிரைகளையும் மாத்திரம் எழுதிக் கட்டளையிட்டால் என்ன நிகழும்? 1981இலிருந்து 2012 வரை ஓர் ஒழுங்கான நேர்கோடு சரிந்துவரும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 ஆயிரம் பேர் அமைதியாகக் குறைந்தனர் என்பது அக்கோட்டின் பொருள். வாசகர் 1995ஐச் சுற்றிய பகுதியைப் பெரிதாக்கினால், கோடு 6 இலட்சத்து 70 ஆயிரத்துக்குச் சற்றுக் கீழே செல்வதை அச்சிலிருந்து வாசிப்பார். அவ்வெண்ணை எவரும் எண்ணவில்லை, செய்நிரல் நிரப்பியது. 1983இன் பின்னரான புலப்பெயர்வு, 1990 ஒக்ரோபரில் வடபகுதி முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியமை, 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெருந்திரளாக இடம்பெயர்ந்தமை, 2009 வரை நீடித்த யுத்தம் ஆகிய யாவும் ஒரு சாய்வுக் கோட்டினுள் கரைந்துபோகும். பிளேபெயரின் மேற்கிந்தியக் கோட்டிலே அடிமைகளின் உழைப்பு மறைந்தமைக்கும் இதற்கும் அமைப்புரீதியான ஒற்றுமை உண்டு.

இதற்குப் பரிகாரம் செய்நிரலிலேயே உள்ளது. 1991, 2001 ஆகிய ஆண்டுகளுக்கும் நிரைகளை எழுதி, பெறுமானம் இல்லை என்னும் குறியை இடவேண்டும். அக்குறி சேமித்த பக்கத்தினுள்ளும் வெறுமையாகவே செல்லும். பிளொட்லி நூலகம் இயல்பாக வெறுமையைத் தாண்டிக் கோட்டை இணைப்பதில்லை. வேண்டுமென்று கேட்டாலன்றி இடைவெளியை இடைவெளியாகவே விடும். ஆயின் இங்கு இன்னொரு நுட்பம் உண்டு. இருபுறமும் துணையற்ற தனிப் புள்ளிகள் கோட்டு முறையிலே தோன்றவே மாட்டா. ஆகையால் புள்ளிக் குறிகளையும் சேர்த்துக் கேட்கவேண்டும். வெறுமையின்மீது சுட்டியைக் கொண்டுசென்றால் விளக்கமெதுவும் எழாது. எனவே அவ்விடத்திலே தொகைமதிப்பு நிறைவுறவில்லை என்னும் குறிப்பை உரையாகவே எழுதிவைக்க வேண்டும். ஆண்டுகளை எண்களாகக் கொள்ளாது பெயர்களாகக் கொண்டால் பத்தாண்டு இடைவெளியும் பதினோராண்டு இடைவெளியும் ஒரே அகலமாகிவிடும் என்பதும் கவனத்துக்குரியது.

இவை சிறு விடயங்கள் போலத் தோன்றலாம். ஆனால் ஒரு நிரையை எழுதாது விடுவதற்கும் வெறுமையென எழுதுவதற்குமுள்ள வேறுபாடு, மறப்பதற்கும் சாட்சி கூறுவதற்குமுள்ள வேறுபாடாகும்.

8

தமிழில் வரைபு எழுதுவோர்க்கு இணையப் பக்கமாகச் சேமித்தல் வேறொரு வகையிலும் முக்கியமானது. தமிழ் எழுத்திலே கொம்பு மெய்யின் முன்னே தோன்றும்; கணனியின் யூனிக்கோட் வரிசையிலோ மெய்க்குப் பின்னே சேமிக்கப்படும். ஒகர உயிர்மெய்யில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கும். இவ்வொழுங்கமைப்பை அறியாத பழைய படக்கருவிகள் பல, தமிழ்த் தலைப்புகளைக் கொம்பு பிறழ்ந்தும் குறி சிதறியும் பதித்தன. அதனால் ஆய்வாளர் பலர் தம் வரைபின் அச்சுகளுக்கு ஆங்கிலப் பெயர்களையே இட்டனர். பொருள் தமிழர் வாழ்வு, கட்டுரை தமிழ், வரைபின் மொழி மாத்திரம் ஆங்கிலம். காலனித்துவத்தின் எச்சம் கருவியின் வடிவிலே நின்று நிலவியமைக்கு இது ஒரு சான்று.

சேமித்த பக்கத்திலே எழுத்தை வரைவது உலாவி. செய்தித்தாளையும் கடிதத்தையும் தமிழிற் காட்டப் பழகிய உலாவி வரைபின் தலைப்பையும் பிழையின்றிக் காட்டும். ஆர் மொழியிலும் விண்டோஸ் கணனிகளிலே தமிழ் எழுத்துகள் சிதைவது நெடுங்காலத் தொல்லையாயிருந்தது. 2022 ஏப்ரலில் வெளிவந்த 4.2.0 பதிப்பு யூ.ரி.எப்.-8 குறியீட்டை அங்கும் இயல்பாக்கியபின் அது பெரிதும் நீங்கியது. எஞ்சியிருப்பது நமது பழைய ஆவணங்களின் சிக்கல். பாமினி எழுத்துருவிலே தட்டச்சிடப்பட்ட அட்டவணைகள் உண்மையிலே உரோம எழுத்துகளின் தொடர்களே. எழுத்துரு இல்லாத கணனியிலே அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும். அவற்றை யூனிக்கோட்டுக்கு மாற்றிய பின்னரே வரைபாக்கல் தகும்.

9

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளுக்கு வரலாம்.

வரைபின் வரலாறு, பார்ப்போனுக்கும் ஆக்கியோனுக்குமிடையே எழுந்த மதிலின் வரலாறாகும். டு பொய்ஸும் நியூறாத்தும் அதனை நோக்கத்தினால் தகர்க்க முயன்றனர். பிறிம்-9 அதனைக் கருவியினால் தகர்த்தது, எனினும் ஆய்வுகூடத்தினுள்ளேயே. பொதுவுடைமை உரிமங்களும் பொது நியமங்களும் ஒன்றுசேர்ந்த பின்னரே இவ்விரண்டும் ஒரே கோப்பிலே சந்தித்தன. ஆனால் சந்திப்பு நிரந்தரமானதன்று. தொலைச் சேவையகத்தை நம்பும் ஒவ்வொரு பக்கமும் பிளாஷின் கதியை அடையும் சாத்தியத்தைத் தன்னுள்ளே கொண்டிருக்கிறது.

ஆகவே நமது துறைகளிலே வரைபாக்குவோர் நான்கு வழக்கங்களைக் கைக்கொள்ளுதல் நன்று. நூலகத்தை உள்ளடக்கிய தன்னிறைவான கோப்பாகச் சேமித்தல் ஒன்று. தரவையும் செய்நிரலையும், பயன்படுத்திய பொதிகளின் பதிப்பெண்களையும் அருகே வைத்தல் இரண்டு. தனியாட்களின் விபரங்களைச் சேமிக்குமுன் நீக்குதல் மூன்று. எண்ணப்படாத ஆண்டுகளை எண்ணப்படாதவையாகவே காட்டுதல் நான்கு. முதல் மூன்றையும் எந்நாட்டவரும் கூறுவர். நான்காவதை வலியுறுத்தும் கடமை, எண்ணப்படாத ஆண்டுகளினூடே வாழ்ந்த மக்களின் பல்கலைக்கழகங்களுக்கு உரியது. அவ்வாண்டுகளை நிரப்பும் வேலையைக் கோட்டிடம் விட்டுவிடாது, வாய்மொழிச் சான்றுகளிலும் கிராமப் பதிவேடுகளிலும் பாடசாலை வரவேடுகளிலும் தேடிச் செல்வதே இனி நம் மாணவர் மேற்கொள்ள வேண்டிய ஆய்வு.